வெள்ளிங்கிரியின் ரிலே

லைப்ரரியில் ரிலே மட்டும் பதினொன்று கிடந்தது. மோட்டாரைப் போட்டு அணைக்கிற இந்த ரிலே கடையில் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். தீப்பெட்டியில் பாதி அளவுக்கு நீலப் பெட்டி, அடியில் ஐந்து கால், கோயமுத்தூரில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில் போய்க் கேட்டாலும் அதைத்தான் எடுத்துப் போடுவான். ஆனால் இந்த ஆபீஸில் சர்க்யூட் போர்டு வரைகிற கம்ப்யூட்டரில், பாகங்களின் படம் சேர்த்து வைக்கிற லைப்ரரியில், அதற்குப் பதினோரு பெயர். இந்துமதி மவுஸை உருட்டிக்கொண்டு மேலே போனாள், கீழே வந்தாள். ரிலே_5பின். ரிலே_5பின்_நியூ. ரிலே_5பின்_நியூ_2. ரிலே_ஃபைனல். ரிலே_யூஸ்_திஸ். ரிலே_டோன்ட்_டச். ஃபைனல் என்று ஒருத்தன் பெயர் வைத்த பிறகும் அதற்கு மேல் ஆறு பேர் வைத்திருக்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் பிள்ளை பிறந்தால் என்ன பெயர் வைப்பார்களோ என்று நினைத்தாள், சிரிப்பு வரவில்லை, மத்தியானம் சாப்பிட்ட புளிச்சாதம் நெஞ்சில் நின்றது. லைப்ரரியில் கிடக்கிற இந்த ஃபுட்பிரிண்ட் என்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. போர்டில் ஒரு பாகம் எங்கே உட்கார வேண்டும், அதன் கால்கள் எந்தெந்தத் துளையில் இறங்க வேண்டும் என்று காட்டுகிற தடம். ஒருவர் ஒரு தடவை ஒழுங்காக வரைந்து, ஒழுங்காகப் பெயர் வைத்துவிட்டால் ஊரே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஒரு தடவைதான் இந்த ஆபீசில் நடப்பதில்லை. இங்கே ஒரு வழக்கம். லைப்ரரியில் இருப்பதைத் திறந்து ஒரு புள்ளியை நகர்த்தினாலும் நகர்த்தியவரின் பெயர் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு அது எரிந்தாலும் புகைந்தாலும் அந்தப் பெயர்க்காரர் தலையில்தான். அதனால் யாரும் யாருடையதையும் திருத்த மாட்டார்கள். தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒரு காப்பி எடுத்து, காப்பியைத் திருத்தி, அதற்குப் புதுப்பெயர் வைத்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். தப்பானது அதே இடத்தில் அதே பெயரில் கிடக்கும், அடுத்து வருகிறவன் காலை உடைத்துக்கொள்ளட்டும் என்று. போன மாதம் டிசைன் பிரிவுத் தலைவர் வெள்ளிங்கிரி அதற்கும் ஒரு முடிவு கட்டினார். இனிமேல் காப்பி எடுக்கக்கூடாது, தன் பெயர் வாலில் இருப்பதை மட்டும்தான் எடுக்க வேண்டும். பதினொன்றில் அப்படி ஒன்றுதான் இருந்தது. ரிலே_ஃபைனல்_2_விஎல்ஜி. இந்துமதி அதைத் திறந்து பார்த்தாள். அது தப்பாக இருந்தது.

மறுபடியும் பார்த்தாள். தப்பாக இருக்கக்கூடாது என்று ஒரு மனது, இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்று இன்னொரு மனது, இரண்டாவதுதான் பலமாக இருந்தது. டிராயரிலிருந்து ஒரு நிஜ ரிலேயை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கால்கள் மேலே பார்க்க மல்லாந்து கிடந்தது. ரிலே செய்கிற கம்பெனிக்காரன் கொடுத்த படம் இப்படித்தான் இருந்தது, ஓரத்தில் எறும்பு எழுத்தில் அடியிலிருந்து பார்த்த தோற்றம் என்று போட்டிருந்தான். போர்டில் உட்காரும்போது அது குப்புற உட்காரும். குப்புறப் போட்டால் இடது வலதாகும், கண்ணாடியில் வகிடு மாறித் தெரிகிற மாதிரி. வெள்ளிங்கிரி அந்த எறும்பு எழுத்தைப் படிக்கவில்லை. படத்தில் இருந்ததை அப்படியே வரைந்து, வாலில் தன் பெயரைப் போட்டு, ஓகே என்று எழுதிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால் ரிலே உட்கார்ந்துவிடும். ஐந்து காலும் ஐந்து துளையில் இறங்கும், இடுக்காது, முறைக்காது, சாஃப்ட்வேர் பச்சை டிக் போடும். மாறுவது இரண்டே இரண்டு கால்தான். ரிலே தூங்கும்போது தொட்டுக்கொண்டிருக்கிற கால் ஒன்று, விழித்தால் தொடுகிற கால் ஒன்று, அவை இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அவ்வளவுதான். மோட்டாரைப் போடு என்று பட்டனை அழுத்தினால் மோட்டார் நிற்கும். யாரும் எதையும் அழுத்தாதபோது, கரண்ட் வந்த அந்த நொடியே, ஓடும். தோட்டத்தில் கிணற்று மோட்டாருக்குப் போகிற போர்டு இது. இவள் வரைந்த போர்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் போர்டு அடித்துத் தருகிற பெங்களூர்க் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், ரிலே ஒன்றுதான் பாக்கி.

"ஆச்சாம்மா இந்து?" என்று எதிர்மூலையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசும். வெள்ளிங்கிரி கேட்கிறபோது தலை தூக்க மாட்டார், சட்டைப் பையில் இருக்கும் சீப்பைத் தடவிக்கொண்டே, இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டே, யாரோ கழுவாமல் வைத்த பாத்திரத்தைக் கேட்கிற மாதிரி கேட்பார். "ஆகுதுங்க சார்" என்றாள். ஆகுதுங்க சார், சரிங்க சார், மாத்தீடறேனுங்க சார். இந்த ஆபீசுக்கு வந்ததிலிருந்து இந்த மூன்றை மட்டும் அரைத்து அரைத்து நாக்கு தேய்ந்துவிட்டது. போன வருஷம் கனெக்டர் விஷயத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதுவும் வெள்ளிங்கிரி வரைந்ததுதான், துளை சின்னதாக இருந்தது, கீழ்த் தளத்தில் போர்டில் பாகம் கோக்கிற பெண்கள் அதில் கனெக்டரைத் திணித்துத் திணித்துக் கட்டைவிரல் சிவந்துபோனதைப் பார்த்து இந்துமதி தானாகப் போய்த் துளையைக் கொஞ்சம் பெரிசாக்கினாள். ஒரு நூல் அளவு. வாலில் அவள் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் வாங்குகிற பிரிவில் யாரோ விலை குறைவென்று மட்டமான கனெக்டரை வாங்கிப்போட, ஒரு லாட் போர்டு முழுக்கக் கனெக்டர் உருகிற்று. துளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வெள்ளிங்கிரிக்கு அது தெரியும், அவளுக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். ஆனால் எம்.டி. உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் அவர் அந்தப் பெயரை ப்ரொஜெக்டரில் போட்டுச் சுவர் முழுக்கப் பெரிசாகக் காட்டினார். கனெக்டர்_ஐஎம்டி. "பேரு யாருதுன்னு பாத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஆளை நடுரோட்டில் நிறுத்திக் கேட்க வேண்டும். எம்.டி. அவளைப் பார்த்தார், பிறகு பார்க்கவே இல்லை, அந்த வருஷம் சம்பள உயர்வுக் கடிதம் அவளைத் தவிர எல்லோருக்கும் வந்தது. மேஜையும் மாறிற்று. ஜன்னலோரத்திலிருந்து தண்ணீர் ஃபில்டர் பக்கத்துக்கு, பாத்ரூம் போகிற வழிக்கு. வருகிறவன் போகிறவன் எல்லாம் அவள் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பெயர் ஒட்டுவதும் பிடுங்குவதும் அவளுக்குப் புதிதா என்ன. கல்யாணமாகிப் போன வீட்டில் மூத்த மருமகள் பெயரும் இந்துமதி. லைப்ரரியில் இரண்டு பாகத்துக்கு ஒரே பெயர் வைக்கப்போனால் ஒரு பெட்டி எழும்பி, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று உள்ளது, அதை அழிக்கவா, இதை மாற்றவா என்று கேட்கும். மாமியார் அதைக்கூடக் கேட்கவில்லை. தாம்பூலத் தட்டு இறக்கி வைப்பதற்குள் "நீ சின்ன இந்து" என்று முடித்துவிட்டாள். முப்பத்தேழு வயதாகிறது, காதோரம் நரைத்துவிட்டது, இன்னமும் சின்ன இந்து. சின்ன இந்து அந்தத் துணியை எடு, சின்ன இந்து கேஸ் வந்திருக்குது பாரு. பெரிய இந்துவைப் பெரிய இந்து என்று யாரும் கூப்பிடுவதில்லை, அவள் வெறும் இந்து, ஒரிஜினல். இவள் இந்து_நியூ. சே, இப்போது எதற்கு அது. மணி என்ன. ஸ்க்ரீனின் ஓரத்தில் மணி மூன்றரை தாண்டியிருந்தது, ஏசிக் காற்று நேராகப் பின்கழுத்தில் வந்து விழுந்தது, இந்த இடத்தில் உட்கார்ந்தபின் வந்த கழுத்துவலி இது. அதற்கும் அவர்தான் காரணம். எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்று நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை, தன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன செய்வார் என்று தெரியும். சொல்லாவிட்டால் போர்டு வாலில் அவள் பெயர், உள்ளே அவருடைய ரிலே. மோட்டார் தானாக ஓடினால் முதலில் போர்டு யாருடையது என்றுதான் கேட்பார்கள். ரிலே யாருடையது என்று கேட்கிற வரைக்கும் யார் பொறுமையாக இருக்கப்போகிறார்கள். எழுந்தாள்.

அறையில் ஏழெட்டுப் பேர், எல்லாருடைய முதுகுக்கும் காது உண்டு. அவர் மேஜைக்கு எதிரில் போய் நின்று, உள்ளங்கையை விரித்து ரிலேயைக் காட்டினாள். "சார், ரிலே மாறியிருக்குதுங்க. கம்பெனிக்காரன் அடியில இருந்து பாத்துப் படம் போட்டிருக்கறானுங்க. நாம அத மேல இருந்து பாக்கறதா எடுத்துக்கிட்டோம்." வெள்ளிங்கிரி ரிலேயைப் பார்க்கவில்லை. "நாமன்னா யாரும்மா?" என்றார். "லைப்ரரிலங்க சார்." "லைப்ரரி என்ன உங்க அப்பன் வீட்டு லைப்ரரியா? நான் வரைஞ்சதுன்னு சொல்லு, வாய் வலிக்குதா?" யாரோ கீபோர்டில் அடிப்பதை நிறுத்தினார்கள். "நீங்க வரைஞ்சதுதானுங்க சார்." "அப்பொ சரியாத்தான் இருக்கும். போன தடவ நீ கை வெச்சதே இன்னும் நாறீட்டு இருக்குது. ஏம்மா, சோத்துக்கு உப்புப் போடறப்ப மேல இருந்து போடறமா கீழ இருந்து போடறமான்னு பாத்துட்டு இருப்பியா? இருக்கறத எடுத்துப் போடு. அஞ்சு மணிக்குப் போகோணும்." சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு இல்லை, மூக்கில் சிரிக்கிற சிரிப்பு, ஒவ்வொரு முதுகிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம். யார் யார் சிரித்தார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்காமலே எண்ணிக்கொண்டாள். "சரிங்க சார்" என்றாள். கை இன்னும் விரிந்தபடி இருந்தது, அதை மடக்க மறந்து, பிச்சை கேட்டு நிற்கிறவள் மாதிரி நின்றுவிட்டதை நினைத்தபோது, இருக்கைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் முகம் எரிந்தது. கண்ணீர் வந்தால் கண்ணைத் தோண்டிப் போட்டுவிடுவேன் என்று தன்னையே அதட்டினாள். வரவில்லை.

சரி, போடுகிறேன். நீ சொன்னதைப் போடுகிறேன். ரிலே_ஃபைனல்_2_விஎல்ஜியை எடுத்து இழுத்து வந்து போர்டில் வைத்தாள். அழகாக உட்கார்ந்தது. இது இப்படியே பெங்களூர் போகும், போர்டாகத் திரும்பி வரும், கீழ்த் தளத்தில் போர்டுகளை ஓட்டிப் பார்க்கிற பிலோமினா அக்கா டெஸ்ட் மேஜையில் வைப்பாள். அந்த மேஜையில் ஒரு மோட்டார் நிரந்தரமாகப் போல்ட் போட்டு முடுக்கி இருக்கிறது, பின்னால் விசிறி, விசிறிக்கு மூடி கிடையாது, எப்போதோ கழற்றியது யாரும் திரும்ப மாட்டவில்லை. அக்காவுக்கு ஒரு பழக்கம். கரண்ட் கொடுத்ததும் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் விசிறியை விரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பாள், லேசாகச் சுற்றுகிறதா, எங்கேயாவது பிடிக்கிறதா என்று. கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் பார்க்கலாமே அக்கா என்று ஒரு தடவை கேட்டதற்கு, கரண்ட் இருக்கறப்பத்தான் கண்ணு அது உறுமுதா இல்லையான்னு விரலுக்குத் தெரியும் என்றாள். கரண்ட் வந்த நொடியே ஓடுகிற மோட்டார். விசிறியில் விரல். இந்துமதி மவுஸிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்தது, அவ்வளவு சின்ன, அவ்வளவு சுத்தமான யோசனை, இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. சர்க்யூட் படத்தில் அந்த இரண்டு காலுக்கும் போகிற கம்பிகளை அவளே இடம் மாற்றிப் போட்டுவிட்டால்? தடம் தலைகீழ், கம்பியும் தலைகீழ், இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும். போர்டு ஒழுங்காக ஓடும். அக்கா விரலுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளிங்கிரியின் ரிலேயில் அவள் கை வைக்கவில்லை, வாலில் பெயர் ஒட்டாது, அவர் சொன்னதைத்தான் போட்டிருக்கிறாள். பாத்தியாம்மா, நான் வரைஞ்சது சரியாத்தானே இருக்குது என்று அவர் நாலு பேர் கேட்கச் சொல்வார். சொல்லட்டும். நன்றாகச் சொல்லட்டும். அடுத்து வரப்போவது அவருடைய போர்டு. ராஜஸ்தான் ஆர்டர், எம்.டி. தூக்கத்தில்கூடப் பேசுகிற ஆர்டர், அதற்கு வெள்ளிங்கிரி தானே உட்கார்ந்து வரைகிறார், யாரையும் கிட்டே விடுவதில்லை. அதில் அதே ரிலேயைப் போடுவார், கம்பியை நேராகப் போடுவார், ஏனென்றால் அவருக்கு அது சரியான ரிலே.

இரண்டு கம்பிகளையும் மாற்றினாள். இரண்டு கிளிக். இவ்வளவு சந்தோஷமாக அவள் இந்த ஆபீசில் எந்த வேலையும் செய்ததில்லை. அந்த நாளில் ராஜஸ்தான்காரர்கள் வந்திருப்பார்கள், வெள்ளைச் சட்டையில் இரண்டு மூன்று பேர், எம்.டி. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார், வெள்ளிங்கிரி சீப்பை எடுத்து ஒரு சீவு சீவிக்கொண்டு, இப்பொ பாருங்க சார் என்பார். ஸ்விட்ச் போடுவார்கள். மோட்டார் தன் பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கும். நிறுத்து என்று பட்டனை அழுத்தினால் நிற்காது. அவர் முகம். அந்த முகத்தைப் பல தடவை ஓடவிட்டுப் பார்த்தாள், முதல் தடவை வாய் திறந்தபடி, அடுத்த தடவை வியர்த்து, பிறகு எம்.டி. மெதுவாக அவர் பக்கம் திரும்புகிற இடத்தில் நிறுத்தி. பேரு யாருதுன்னு பாத்துக்கங்க. அதை யார் சொல்வது? அவளே சொல்வாள், சுவரில் காட்டிச் சொல்வாள், நான் ஒண்ணும் சொல்லலைங்க சார். நெஞ்சில் நின்றிருந்த புளிச்சாதம் இறங்கிவிட்டது போலிருந்தது. ஃபைல்களைச் சேர்த்து அனுப்புகிற பட்டனுக்கு மேல் விரலை வைத்தாள்.

"கண்ணு, கொஞ்சம் தள்ளிக்கோ" என்று பின்னால் குரல் கேட்டது. பிலோமினா அக்கா தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். ஃபில்டர் குழாய்க்கு வழிவிட நாற்காலியை இழுத்துக்கொண்டு, ஸ்க்ரீனை எதற்கோ கையால் மறைத்தாள் இந்துமதி. அக்கா அதையெல்லாம் கவனிக்கிற ரகம் இல்லை. பாட்டிலைக் குழாய்க்கு அடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, "உன் போர்டு போகுதா இன்னைக்கி?" என்றாள். "போகுதுங்கக்கா." "நல்லது. அய்யாவோட ராஜஸ்தான் போர்டும் அதுகூடத்தான் வருதாமா. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துக் குடுத்திரோணும்னு சொல்லியிருக்கறாரு, பார்ட்டிக்காரங்க வர்றதுக்கு மிந்தி. நான் தனியாத்தான் பாக்கோணும், வேற ஆரு இருக்கறா." பாட்டில் நிறைந்தது. அக்கா மூடியைத் திருகினாள். இந்துமதி அந்தக் கையைப் பார்த்தாள். சோப்பில் வெளுத்த விரல்கள், சுட்டுவிரலில் சால்டரிங் சுட்ட பழைய தழும்பு. "என்னமோ காய்ச்சல் வந்தவளாட்ட இருக்கறே. நேரத்துல வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

போய்விட்டாள். இவளை யார் இப்போது வரச் சொன்னது. ஃபில்டர் கீழ்த் தளத்திலும்தான் இருக்கிறது, அதில் குடித்தால் என்ன. ஒரே ஒரு நிமிஷம் கழித்து வந்திருந்தால் ஃபைல் போயிருக்கும், போனது போனதுதான் என்று இருந்திருப்பாள். ராஜஸ்தான்காரர்கள், எம்.டி., வெள்ளிங்கிரியின் முகம் என்று அத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாளே, அதற்கு முன்னால் அந்தப் போர்டும் அதே மேஜைக்கு, அதே மூடியில்லாத விசிறிக்கு, அதே விரலுக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டி ஓட்டினாள். அக்கா மேல் ஆத்திரமாக வந்தது. அக்கா என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்த விரல்கள் இவளுக்கும் வெள்ளிங்கிரிக்கும் நடுவில் வந்து நிற்கின்றன, அது போதாதா. அக்காவிடம் சொல்லிவைத்தால்? அன்றைக்கு மட்டும் விசிறியைத் தொடாதீங்கக்கா. ஏன் கண்ணு என்பாள். அப்புறம் மறந்துபோய்த் தொடுவாள், வருஷக்கணக்கான பழக்கம், கை அதுவாகப் போகும். அல்லது அய்யாவிடமே போய், இந்து இப்படிச் சொல்லுச்சுங்களே என்பாள். வேறு யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள் என்று விட்டுவிடலாமா? யார்? மூக்கில் சிரித்தவர்களா? இந்த அறையில் ஒருத்தன் கை வைக்க மாட்டான். வாலில் பெயர் ஒட்டிக்கொள்ளும். விட்டுவிடு, உனக்கென்ன வந்தது, உன் போர்டு ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லிற்று, அது யார் குரல் என்று பார்த்தால் செருமலோடு வெள்ளிங்கிரியின் குரல் மாதிரியே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பேர் போட்டுக்கொள்கிறவன் ஒருத்தன், விரலைக் கொடுக்கிறவள் ஒருத்தி, நடுவில் உட்கார்ந்து இரண்டு கம்பியை மாற்றிவிட்டு இளித்துக்கொண்டிருந்தவள் இவள்.

மாற்றிய கம்பிகளைத் திரும்ப நேராக்கினாள். அது வலித்தது, நிஜமாகவே வலித்தது, கையிலிருந்து தின்பண்டத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. லைப்ரரியில் ரிலே_ஃபைனல்_2_விஎல்ஜியைத் திறந்தாள். நல்ல மனசு உனக்கு என்று எவளாவது இப்போது சொன்னால் செருப்பைக் கழற்றியிருப்பாள். நல்ல மனசெல்லாம் இல்லை. இந்த ஆள் தப்பித்துவிட்டான், அவ்வளவுதான், ஒரு பொம்பளையின் விரலுக்குப் பின்னால் ஒளிந்து தப்பித்துவிட்டான், அவனுக்கே தெரியாது. ஐந்து துளைகளில் இரண்டின் எண்ணை மாற்றினாள். இனி அவர் ராஜஸ்தான் போர்டில் இழுத்துப் போடப்போவதும் இதுதான். நிஜ ரிலேயைக் குப்புறப் பிடித்து, ஒவ்வொரு காலாக விரல் வைத்து, இன்னொரு தடவை சரிபார்த்தாள். சேமி என்றாள். பெட்டி எழும்பிற்று. இந்தப் பாகத்தின் பெயரில் உங்கள் பெயர் சேர்க்கப்படும், சம்மதமா? சம்மதமாம். ரிலே எங்கே உருகினாலும், எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் நின்றாலும் இனிமேல் சுவரில் பெரிசாக அவள் பெயர்தான். அடுத்த மீட்டிங், அடுத்த சம்பளக் கடிதம், இந்த மேஜையையும் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள்ளேயே போடுவார்கள். தெரியும். சம்மதம் என்பதை அழுத்தினாள், போர்டில் வைத்திருந்த ரிலேயும் அதோடு திருந்திற்று, அடுத்தாற்போல் ஃபைல்களைப் பெங்களூருக்கு அனுப்பினாள், அனுப்பியாயிற்று என்று வந்தது. பயமாக இருக்கிறதா என்று பார்த்தாள், அதுவும் இருந்தது.

எதிர்மூலையில் கம்ப்யூட்டர் டிங் என்றது. லைப்ரரியில் யாராவது கை வைத்தால் வெள்ளிங்கிரிக்குச் செய்தி போகும், அதையும் அவரேதான் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு செருமல். இன்னொரு செருமல். "எவ என் ரிலேல கை வெச்சது?" என்றார், பெயர் எதிரிலேயே இருக்கும்போது, அறை முழுக்கக் கேட்கட்டும் என்று. முதுகுகள் எல்லாம் விறைத்தன. குரல் இன்னும் ஏறிற்று. "ஏய், உன்னத்தாம்மா! ஆரக் கேட்டுக் கை வெச்சே?"

இந்துமதி எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை.

"உன் தப்புல நாந்தான் கை வெச்சேன்" என்றாள். "எந்திரிச்சு இங்க வா, காட்டறேன்."